ஏறுவதற்குக் கால், இறங்குவதற்குப் பிரேக் கட்டை

2009ஆம் ஆண்டு முதல் நான் மிதிவண்டியில்தான் வேலைக்குச் சென்று வருகிறேன். ஆறு ஆண்டுகள் சென்னையில், நான்கு ஆண்டுகள் கோயம்புத்தூரில், 2019 ஜூன் முதல் குன்னூரில். தொழில், நில அளவை வரைபடம் வரைவது. நூறு மீட்டர் நடந்தால் எத்தனை மீட்டர் ஏறியிருப்போம் என்பதைத் தாளில் கோடாக இழுத்துப் பிழைப்பவள் என்பதால், மலைக்கு மாற்றலாகி வந்தபோது ஏற்றத்தைப் பற்றி எனக்கு யாரும் சொல்லித் தரவேண்டியதில்லை என்ற செருக்கு இருந்தது. அது மூன்று வாரம் நீடித்தது.

குன்னூரில் என் வீட்டுக்குச் சாலையிலிருந்து 63 படிகள் ஏற வேண்டும். பீரோவையும் கட்டிலையும் முணுமுணுக்காமல் இறக்கி வைத்த லாரி ஓட்டுநர், மிதிவண்டியைப் பார்த்ததும் நின்றுவிட்டார். “இதை எதுக்குங்கம்மா மேல கொண்டாந்தீங்க? இங்க இதை ஓட்ட ரோடு எங்க இருக்கு?” என்றார். அதற்குப் பிறகு இந்தக் கேள்வியைப் பலர் வாயிலாகப் பலமுறை கேட்டுவிட்டேன். கேட்கும் எல்லாரும் ஏற்றத்தை நினைத்துத்தான் கேட்கிறார்கள். வந்த புதிதில் நானும் அதையே நினைத்துத்தான் பதில் சொன்னேன். இருவர் பக்கமும் தவறு இருந்தது என்பதை விளக்க, முதலில் சமவெளியில் நான் எதைக் கற்றுக்கொண்டு வந்தேன் என்பதைச் சொல்ல வேண்டும்.

சென்னையில் வீடு மேற்கு மாம்பலத்தில், அலுவலகம் அடையாற்றில். சுற்றிச் செல்லும் வழியில் சுமார் 8 கிலோமீட்டர். அங்கே உடலைச் சோர்வடையச் செய்தது தூரமன்று, வியர்வை. ஏப்ரல் மாதத்தில் காலை ஒன்பது மணிக்கு அலுவலகம் சேர்ந்தால், சட்டைத் துணியைப் பிழிந்து காயப்போடலாம். ஆறு மாதம் அவதிப்பட்ட பிறகு இரண்டு மாற்றங்கள் செய்தேன். எட்டேகால் மணிக்குப் புறப்பட்டுக்கொண்டிருந்ததை ஏழு மணியாக்கினேன். தோளில் மாட்டியிருந்த பையைப் பின் கேரியருக்கு மாற்றினேன். முதுகை ஒட்டி ஒரு பை இருந்தால் அந்த இடத்தில் காற்றே புகாது. பையைக் கழற்றிய அன்றே வியர்வை பாதியானதுபோல் இருந்தது. மாற்றுடை ஒன்றை அலுவலக அலமாரியில் திங்கட்கிழமையே கொண்டுபோய் வைத்துவிடுவேன். இந்தப் பழக்கம் மூன்று ஊர்களிலும் என்னோடு வந்தது.

சென்னையில் எனக்கு ஒரு நற்பேறும் இருந்தது. அதை நான் தேடிப் பெறவில்லை. வெயில் காலத்தில் காலை வேளைகளில் காற்று தரையிலிருந்து கடலை நோக்கி வீசும். பகல் ஏறித் தரை சூடானதும் கடற்காற்று உள்ளே வரத் தொடங்கும். மேற்கே வீடும் கிழக்கே, கடலுக்குப் பக்கத்தில், அலுவலகமும் உடையவருக்குப் போகும்போதும் வரும்போதும் காற்று முதுகில்தான் படும். என்னோடு வேலை பார்த்த ஒருவர் திருவான்மியூரிலிருந்து அசோக் நகருக்கு எதிர்த்திசையில் வேலை தேடிக்கொண்டு, ஏன் தனக்கு மட்டும் இப்படி இழுக்கிறது என்று சங்கிலிக்கு எண்ணெய் விட்டுக்கொண்டே இருந்தார். அக்கம்பக்கத்தில் வாடகை வீடு பார்க்கும்போது குடிநீரையும் பேருந்து நிறுத்தத்தையும் விசாரிப்பவர்கள், மிதிவண்டியில் போகும் எண்ணம் இருந்தால் காற்றின் திசையையும் விசாரித்துக்கொள்வது நல்லது.

மழைக்காலத்தில் மேற்கு மாம்பலத்துக்காரர்களுக்கு வேறு கணக்கு. ரயில் பாதையைக் கடந்துதான் நகரின் மறுபாதிக்குள் நுழைய முடியும். துரைசாமி சுரங்கப்பாதையிலும் அரங்கநாதன் சுரங்கப்பாதையிலும் ஒரு பெருமழைக்குத் தண்ணீர் நின்றுவிடும். தேங்கிய நீரில் மிதிவண்டியை இறக்கக் கூடாது என்பதை நான் ஒரு முறை சக்கரம் குழிக்குள் போய்த்தான் தெரிந்துகொண்டேன். நீரின் ஆழம் கண்ணுக்குத் தெரியாது. நீருக்கடியில் மூடி இல்லாத சாக்கடைக் குழி இருந்தால் அதுவும் தெரியாது. அப்படிப்பட்ட நாள்களில் வண்டியைத் தோளில் தூக்கிக்கொண்டு ரயில் நிலைய நடைமேம்பாலத்தின் படிகளில் ஏறி இறங்கியிருக்கிறேன். குன்னூரின் 63 படிகளுக்கு அது நல்ல பயிற்சியாக அமையும் என்று அப்போது தெரியாது.

பாதையைத் தேர்ந்தெடுப்பதில் சென்னை கற்றுத்தந்தது ஒன்று உண்டு. அண்ணா சாலை வழியாகப் போனால் தூரம் குறைவு. கோட்டூர்புரம் சென்று காந்தி மண்டபம் சாலை வழியாகப் போனால் ஒன்றரைக் கிலோமீட்டர் கூடுதல். ஆனால் அந்தச் சாலையில் மரநிழல் உண்டு, பேருந்துகள் குறைவு, சிக்னல்களும் குறைவு. நேரம் ஏறத்தாழ ஒன்றுதான். போய்ச் சேரும்போது இருக்கும் மனநிலை ஒன்றன்று. பேருந்து நிறுத்தங்களுக்கு அருகே இடது ஓரத்தை ஒட்டிப் போகாமல், பின்னால் வருபவரைத் திரும்பிப் பார்த்துவிட்டு, ஒரு முழம் உள்ளே தள்ளிப் போவதே பாதுகாப்பு என்பதையும் அங்கேதான் கற்றேன். துப்பட்டா அணிபவர்கள் அதைக் குறுக்கே போட்டு இடுப்பில் முடிச்சிட்டுக்கொள்ள வேண்டும். பின்சக்கரத்தில் சிக்கிய துப்பட்டா கழுத்தை இழுப்பதற்கு ஒரு நொடி போதும்.

கோயம்புத்தூரைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்லலாம், ஏனென்றால் மிதிவண்டிக்கு அது இதமான ஊர். சிங்காநல்லூரிலிருந்து ஆர்.எஸ்.புரம் வரை சுமார் 10 கிலோமீட்டர், வழுவழுப்பான சாலை, வியர்வை குறைவு. ஜூன் முதல் செப்டம்பர் வரை மட்டும் பாலக்காட்டுக் கணவாய் வழியாக மேற்கிலிருந்து வரும் காற்று எதிரே நிற்கும். ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்று சொன்னவர் கொங்கு நாட்டுக்காரராகத்தான் இருக்க வேண்டும். மணிக்கு 15 கிலோமீட்டர் வேகத்தில் போகிறவருக்கு எதிரே அதே வேகத்தில் காற்று வீசினால், அவருடைய உடல் சந்திக்கும் காற்றின் வேகம் இருமடங்காகும். காற்று தடுக்கும் விசையோ நான்கு மடங்காகும். இதை எதிர்த்து வீராப்புக் காட்டிப் பயனில்லை. பத்து நிமிடம் முன்னதாகப் புறப்பட்டு, முழங்கையை மடக்கி உடலைத் தாழ்த்தி, வேகத்தைக் குறைத்துக்கொண்டு போக வேண்டும். வாலாங்குளம் கரையில் குறுக்குக் காற்று அடிக்கும்போது, புடைத்துக்கொள்ளும் மழைக்கோட்டு பாய்மரம்போல் வண்டியையே நகர்த்தும் என்பதால், உடலோடு ஒட்டிய மேலாடை நல்லது. மாலையில் அதே காற்று வீடுவரை தள்ளிக்கொண்டு வந்து விடும்.

ஆகவே குன்னூருக்கு வந்தபோது என் மனத்தில் இருந்த கணக்கு இதுதான். காற்று எப்படியோ ஏற்றமும் அப்படியே. எதிரே நிற்கும் ஒன்று. பொறுமையாக மிதித்தால் கடந்துவிடலாம். திரும்பி வரும்போது அது நமக்கே துணையாகும். இந்தக் கணக்கின் முதல் பாதி சரி. இரண்டாம் பாதியில்தான் விழுந்தேன், சொல்லளவிலும் உடலளவிலும்.

அலுவலகம் அருவங்காட்டுப் பக்கம். குன்னூர் பேருந்து நிலையத்திலிருந்து உதகைச் சாலையில் வெலிங்டனைத் தாண்டி சுமார் 5 கிலோமீட்டர். அதற்குள் ஏறத்தாழ 150 மீட்டர் உயரம் ஏற வேண்டும். வந்த முதல் ஞாயிற்றுக்கிழமையே தொழில் பழக்கத்தில் அந்தச் சாலைக்கு ஒரு நெடுக்குவெட்டு (வழிநெடுக ஏற்ற இறக்கத்தைக் காட்டும் கோடு) வரைந்து வைத்துக்கொண்டேன். என்னையும் வண்டியையும் பையையும் சேர்த்து 77 கிலோ. அதை 150 மீட்டர் தூக்க வேண்டிய ஆற்றலை அரை மணி நேரத்துக்குப் பங்கிட்டால், சுமார் 63 வாட் வருகிறது. ஒரு பழைய குண்டு பல்பு எரிவதற்குச் செலவாகும் அளவு. உராய்வு தனி. சமவெளியில் தினமும் மிதித்துப் பழகிய எந்த நடுத்தர வயதுப் பெண்ணும் இதைச் செய்ய முடியும்.

முடியாததற்குக் காரணம் கால் அன்று, கியர். என்னிடம் இருந்தது ஒற்றை கியர் லேடீஸ் சைக்கிள். சங்கிலி ஓடும் பல்சக்கரங்களில் முன்னால் 44 பல், பின்னால் 18 பல். பெடலை ஒரு சுற்றுச் சுற்றினால் வண்டி 5 மீட்டர் நகரும். செங்குத்தான இடங்களில் அந்த 5 மீட்டரை ஒரே மிதியில் தூக்க நினைத்தால் முழங்கால்தான் பழுதாகும். நீலகிரி மலை ரயிலை அமைத்தவர்கள் கல்லாற்றுக்கும் குன்னூருக்கும் இடையே 12 அடிக்கு 1 அடி ஏறும் பாதையில் வெறும் சக்கரத்தை நம்பாமல் தண்டவாளத்துக்கு நடுவே பல் பட்டையைப் பதித்தார்கள். 1899இல் குன்னூர் வரை வந்த அந்தப் பாதை 1908இல் உதகைக்கு நீண்டபோது மேலே சரிவு குறைந்ததால் பல் பட்டை தேவைப்படவில்லை. சரிவுக்குத் தக்க பல் வேண்டும் என்பதை அவர்கள் நூறாண்டுக்கு முன்பே அறிந்திருந்தார்கள். நான் முதல் மூன்று வாரமும் வழியில் பாதியைத் தள்ளிக்கொண்டே போனேன். அதில் எனக்கு வெட்கமில்லை. தள்ளிக்கொண்டு போகும்போது, கடந்துபோன ஜீப்புகளெல்லாம் நின்று, “வண்டி ரிப்பேரா மேடம், ஏத்திக்கலாமா?” என்று கேட்டதுதான் சற்றுச் சங்கடமாக இருந்தது.

கடல் மட்டத்தோடு ஒப்பிட்டால் குன்னூர் உயரத்தில் காற்றழுத்தம் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்குதான். முதல் பத்து நாள்கள் மூச்சு வாங்கியதற்கு அதுவும் ஒரு காரணம். பிறகு பழகிவிட்டது.

விழுந்தது ஜூலை முதல் வாரத்தில். மாலை ஐந்தரை மணி, சாரல், அருவங்காட்டிலிருந்து வெலிங்டன் நோக்கி இறங்கும் சரிவு. காலையில் பட்ட பாட்டுக்குக் கிடைத்த கூலிபோல, பெடலைத் தொடாமலே வண்டி ஓடியது. முன்னால் தேயிலை இலை மூட்டைகள் ஏற்றிய ஒரு லாரி வேகம் குறைத்தது. இரண்டு பிரேக்கையும் பிடித்தேன். கை முழுவதும் இறுகிவிட்டது. வண்டி மட்டும் எதுவும் நடக்காததுபோல் போய்க்கொண்டே இருந்தது. நனைந்த இரும்பு ரிம்மின் மேல் ரப்பர் கட்டை வழுக்கிக்கொண்டிருந்தது. லாரியின் பின்பலகைக்கும் வலப்பக்கம் எதிரே வந்துகொண்டிருந்த பேருந்துக்கும் நடுவே புகுந்து போக இடமில்லை. நல்லவேளையாக இடப்பக்கம் பள்ளம் இல்லை. மலைச்சரிவும் அதன் அடியில் வடிகாலும் இருந்தன. வடிகாலுக்குள் வண்டியை விட்டேன். முழங்கையில் ஏழு தையல், முன்சக்கரம் எட்டு வடிவத்தில் கோணியது.

சக்கரத்தைக் கோட்டம் எடுக்க முடியுமா என்று கேட்டுக் கீழ்க் குன்னூரில் ஒரு பட்டறைக்குப் போனேன். மிதிவண்டிக்கெனத் தனிக்கடை இங்கே அரிது. மோட்டார் சைக்கிள் பழுது பார்ப்பவர்தான் வேண்டாவெறுப்பாக இதையும் பார்ப்பார். அந்தப் பட்டறைக்காரருக்கு முப்பது வயதிருக்கும். சக்கரத்தைச் சுண்டிப் பார்த்தார், கட்டையைக் கிள்ளிப் பார்த்தார், பிறகு சொன்னார்: “அக்கா, கியர் வண்டி வாங்கணும்னுதானே யோசிக்கிறீங்க? கியரை அப்புறம் பாருங்க. முதல்ல பிரேக்கைப் பார்த்து வாங்குங்க. ஏற முடியலைன்னா இறங்கித் தள்ளிக்கலாம். நிக்க முடியலைன்னா என்ன பண்ணுவீங்க?” நெடுக்குவெட்டு வரைந்த எனக்குத் தோன்றாதது அவருக்குத் தோன்றியிருந்தது. காலையில் நான் ஏறிச் சேர்த்துவைத்த ஆற்றல் முழுவதையும் மாலையில் எதிலாவது செலவழித்தாக வேண்டும்; அதைச் செலவழிக்கும் இடம் இரண்டு சிறு கட்டைகள்.

கோயம்புத்தூரில் பழைய வண்டி விற்பவரிடம் 9,000 ரூபாய்க்கு ஒரு கியர் சைக்கிள் வாங்கி வந்தேன். டிஸ்க் பிரேக், முன்னால் சிறிய பல்சக்கரத்தில் 28 பல், பின்னால் பெரியதில் 34 பல். அதே அளவுச் சக்கரம்தான் என்றாலும், மிகச் சிறிய கியரில் பெடலின் ஒரு சுற்றுக்கு 1.7 மீட்டர்தான் நகரும். நிமிடத்துக்கு அறுபது சுற்று மிதித்தால் மணிக்கு 6 கிலோமீட்டர். விரைந்து நடப்பவர் என்னை முந்திவிடலாம். முந்தட்டும். இப்போது போவதற்கு 35 நிமிடம், வருவதற்கு 15 நிமிடம். பெரிய கியரில் இழுத்துக்கொண்டு போய்ச் செங்குத்தின் நடுவில் கியர் மாற்றினால் சங்கிலி முறுக்கிக்கொள்ளும் என்பதால், சரிவு தொடங்குமுன்பே சிறிய கியருக்கு வந்துவிட வேண்டும் என்பது மட்டும்தான் ஏறுவதில் எனக்குத் தெரிந்த நுட்பம். மற்றதெல்லாம் பொறுமை.

இறங்குவதில்தான் சொல்ல நிறைய இருக்கிறது. பிரேக்கைத் தொடக்கம் முதல் இறுதிவரை லேசாகப் பிடித்துக்கொண்டே வருவது பெரும்பாலோரின் வழக்கம், அது தவறு. உராய்வில் எழும் சூடு தணிய இடைவெளி கிடைக்காது. டிஸ்க் பிரேக்காக இருந்தால் கட்டையின் மேற்பரப்பு பளபளவெனக் கண்ணாடிபோல் இறுகிப் பிடிப்பை இழக்கும். ரிம் பிரேக்காக இருந்தால் ரிம் சூடேறி, நீண்ட இறக்கங்களில் டியூப் வெடிப்பதும் உண்டு. சிறிது நேரம் அழுத்திப் பிடித்து வேகத்தைக் குறைத்து, பிறகு முழுவதுமாக விட்டு, மீண்டும் பிடிக்க வேண்டும். முன், பின் இரண்டையும் பயன்படுத்த வேண்டும். நிறுத்தும் வலு பெரும்பாலும் முன் பிரேக்கில்தான் இருக்கிறது, ஆனால் வளைவின் நடுவே அதை அழுத்தினால் முன்சக்கரம் சறுக்கும். ஆகவே வளைவுக்கு முன்பே வேகத்தை முழுவதும் குறைத்துவிட்டு, வளைவுக்குள் பிரேக்கைத் தொடாமல் திரும்ப வேண்டும். திரும்பும் பக்கத்துப் பெடல் மேலே இருக்க வேண்டும், இல்லாவிட்டால் அது தரையில் உரசும்.

மழையில் ரிம் பிரேக் வைத்திருப்பவர்களுக்கு ஒன்று. முதல் சில சுற்றுகளில் கட்டை ரிம்மிலுள்ள நீரைத் துடைக்கிறது, அவ்வளவுதான். பிறகு திடீரென்று பற்றிக்கொள்ளும். ஆகவே தேவைப்படும் இடத்துக்கு வெகுமுன்பே லேசாகத் தொட்டுத் துடைத்து வைத்துக்கொள்ள வேண்டும். இரும்பு ரிம் உள்ள வண்டியை மழை நாளில் மலைச்சாலையில் இறக்குவதை நான் யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன்; அலுமினிய ரிம்முக்கு மாற்றிவிடலாம், முடியாவிட்டால் இறக்கத்தில் தள்ளிக்கொண்டு வரலாம்.

சாலையின் மேற்பரப்பையும் படிக்கக் கற்றுக்கொள்ள வேண்டும். கற்பூர மரங்களின் (யூகலிப்டஸ்) நீண்ட இலையும் உரிந்து விழும் பட்டையும் நனைந்தால் வழுக்கும். சில்வர் ஓக் இலையும் அப்படியே. வளைவுகளில் லாரியிலிருந்து சிந்திய டீசல், மழையில் வானவில் நிறம் காட்டும். அந்த நிறத்தைக் கண்டால் திருப்பாமல், மிதிக்காமல், பிரேக் பிடிக்காமல் நேராகக் கடந்துவிட வேண்டும். ரயில் பாதையைக் கடக்கும் இடங்களில் தண்டவாளத்துக்குக் குறுக்காக, செங்கோணத்தில் போக வேண்டும். சாய்வாகப் போனால் சக்கரம் இடுக்கில் இறங்கிவிடும்.

மற்ற வண்டிகளோடு பழகுவதில் சென்னையை விட இங்கே எனக்கு மரியாதை அதிகம் கிடைக்கிறது, ஒரு விதிவிலக்குடன். அகலம் போதாத மலைச்சாலையில், இறங்கும் வண்டி ஏறும் வண்டிக்கு வழிவிட வேண்டும் என்பது சாலை விதி. உள்ளூர்ப் பேருந்து ஓட்டுநர்கள் மிதிவண்டிக்கும் அந்த மரியாதையைத் தருகிறார்கள். முக்கி முனகி ஏறுகிறவளைப் பார்த்து ஒலிப்பானைக்கூட அழுத்தாமல் காத்திருந்தவர்கள் உண்டு. விதிவிலக்கு, ஏப்ரல், மே மாதச் சீசன். சமவெளியிலிருந்து வரும் கார்கள் வளைவில் நடுக்கோட்டைத் தாண்டி உள்வட்டமாக வெட்டுகின்றன. நீண்ட இறக்கத்தில் இரண்டாவது கியரில் வராமல் பிரேக்கை நம்பியே வந்து, அது தேய்ந்த வாடையோடு நம் பின்னால் நிற்கின்றன. உதகை மலர்க் கண்காட்சி, சிம்ஸ் பூங்கா பழக் கண்காட்சி நாள்களில் சாலை முழுவதும் நின்றுவிடும். அன்றைக்கு நான்தான் எல்லாருக்கும் முன்னால் வீடு சேர்வேன். ஆனால் நிற்கும் கார்களின் ஓரமாகப் போகும்போது எந்தக் கதவு எப்போது திறக்கும் என்று தெரியாது. கதவின் அகலத்துக்குத் தள்ளியே போக வேண்டும்.

உடையைப் பற்றி மலைக்குப் புதிதாக வருபவர்கள் செய்யும் பிழையை நானும் செய்தேன். குளிருகிறதே என்று ஸ்வெட்டர், அதன் மேல் ஜெர்கின், குல்லா எல்லாம் போட்டுக்கொண்டு ஏறினால், ஒரு கிலோமீட்டருக்குள் உள்ளே சென்னை ஆகிவிடும். அந்த ஈரத்தோடு அலுவலகத்தில் உட்கார்ந்தால் மாலைக்குள் சளி பிடிக்கும். புறப்படும்போது லேசாகக் குளிர வேண்டும். ஐந்து நிமிடத்தில் உடல் சூடேறிவிடும். ஜெர்கினைக் கேரியரில் கட்டிக்கொண்டு போய் இறக்கத்துக்கு முன் போட்டுக்கொள்ள வேண்டும். இறங்கும்போது உடல் உழைப்பதில்லை, காற்று மட்டும் அடிக்கும். விரல் மரத்துப்போனால் பிரேக்கை எவ்வளவு அழுத்துகிறோம் என்பதே தெரியாது என்பதால், கையுறையை நான் பிரேக்கின் ஒரு பாகமாகவே கருதுகிறேன்.

மேகமூட்டம் இறங்கிவிட்டால் பத்தடிக்கு அப்பால் எதுவும் தெரியாது. பகலிலும் முன்னே வெள்ளை விளக்கு, பின்னே சிவப்பு விளக்கு எரிய வேண்டும். வடகிழக்குப் பருவமழையில், குறிப்பாக ஐப்பசி, கார்த்திகையில், குன்னூர்ப் பக்கம் மண்சரிவு வாய்ப்பு அதிகம். 2009 நவம்பரில் இந்த மலையில் நிலச்சரிவுகளில் பலர் உயிரிழந்தனர். பெருமழை எச்சரிக்கை வந்த நாள்களில் நான் வண்டியை எடுப்பதே இல்லை. மற்ற நாள்களிலும் தடுப்புச் சுவரின் துளைகளிலிருந்து வழக்கமாகத் தெளிவாகக் கசியும் நீர் செம்மண் நிறத்தில் பீறிட்டால், அந்த இடத்தில் நிற்காமல் கடந்துவிடுவேன், அல்லது திரும்பிவிடுவேன்.

இங்குள்ள இன்னொரு சிக்கலை நான் எந்த ஊரிலும் சந்தித்ததில்லை. மிதிவண்டிக்குச் சத்தம் கிடையாது. சமவெளியில் அது பெருமை. காட்டுமாடு நடமாடும் இடத்தில் அது ஆபத்து. ஒரு டிசம்பர் மாலையில், வளைவைத் திரும்பியதும், தேயிலைத் தோட்டத்தின் ஓரத்தில் கறுத்த பாறைபோல் ஒன்று நின்றது. நான் வந்தது அதற்கும் தெரியவில்லை. தலையை உயர்த்தி மூச்சு விட்டபோதுதான் எங்களுக்கு இடையே இருபது அடிதான் என்று புரிந்தது. பின்னால் இலை பறித்துவிட்டு வந்துகொண்டிருந்த பெண்களில் ஒருவர், “அசையாதீங்க தங்கச்சி, மெல்ல பின்னால வாங்க, அது பாட்டுக்குப் போயிடும்” என்றார். வண்டியை எனக்கும் அதற்கும் நடுவில் வைத்துக்கொண்டு, முகம் திருப்பாமல் பின்வாங்கினேன். அது இருபது நிமிடம் கழித்துத் தோட்டத்துக்குள் இறங்கியது. அதற்குப் பிறகு, கண்மறைவான வளைவுகளுக்கு வெகுதூரத்துக்கு முன்பே பாட்டோ பேச்சோ ஏதாவது சத்தம் கொடுத்துக்கொண்டே வருகிறேன். அருகில் போன பிறகு மணி அடிப்பது அதை மிரட்டத்தான் செய்யும். கரடியும் உலவும் ஊர் என்பதால், இருட்டிய பிறகு வண்டியை அலுவலகத்திலேயே பூட்டி வைத்துவிட்டுப் பேருந்தில் வந்துவிடுவேன். இதில் தோல்வி ஒன்றுமில்லை.

மின்கலம் பொருத்திய மிதிவண்டி வாங்கலாமா என்று என்னைப் பலர் கேட்கிறார்கள். மோட்டார் 250 வாட்டுக்குள்ளும், வேகம் மணிக்கு 25 கிலோமீட்டருக்குள்ளும் இருந்தால் பதிவு எண் தேவையில்லை. ஏறுவதற்கு அது பெரும் உதவி என்பதில் ஐயமில்லை. ஆனால் மின்கலத்தின் எடையும் சேர்ந்துதான் இறங்கும். குளிரில் மின்கலம் ஓடும் தூரமும் குறையும். 63 படிகளில் அதை யார் தூக்குவது என்பதும் இருக்கிறது. என் வண்டியையே இப்போது நான் தூக்குவதில்லை. சாலையோரம் வர்க்கி விற்கும் அடுமனைக்காரர் தம் விறகுக் கொட்டகையில் இடம் தந்திருக்கிறார். மலையில் வீடு பார்ப்பவர்கள் வண்டிக்குச் சாலை மட்டத்தில் ஓர் இடம் பேசி வைத்துக்கொள்வது, வண்டி வாங்குவதற்கு முன்னரே செய்ய வேண்டிய வேலை.

வண்டிச் செலவுக்கென 2009 முதல் ஒரு நோட்டுப் புத்தகம் வைத்திருக்கிறேன். சென்னைப் பக்கங்களில் பஞ்சர், டியூப், உப்புக்காற்றில் துருவேறிய சங்கிலி என்று வருகிறது. ஆறு ஆண்டுகளில் பிரேக் கட்டை மாற்றியது ஒரே முறை. கோயம்புத்தூர்ப் பக்கங்கள் அநேகமாக வெறுமை. குன்னூர்ப் பக்கங்களில் பஞ்சர் அரிது, பிரேக் கட்டை மட்டும் நான்கைந்து மாதத்துக்கு ஒரு முறை, இடையிடையே பிரேக் கேபிள். மழைக்காலம் தொடங்குமுன் ஒரு ஜோடி வாங்கி மேசை இழுப்பறையில் வைத்துவிடுகிறேன், ஏனென்றால் தேவைப்படும் நாளில் பட்டறையில் இருக்காது.

எங்கள் படிவரிசையில் கீழ் வீட்டுப் பெண் சென்ற ஆண்டு பதினோராம் வகுப்பில் சேர்ந்தாள். அரசு கொடுத்த விலையில்லா மிதிவண்டியை அவளுடைய அப்பா பாலிதீன் உறை பிரிக்காமல் திண்ணையில் சாத்தி வைத்திருந்தார். இங்கே நான் பார்த்த பல வீடுகளில் அந்த வண்டியின் கதி அதுதான். காற்றிறங்கி, கோழி ஏறி உட்காரும் இடமாகிவிடும். ஒரு நாள் அவர் என்னைக் கூப்பிட்டு, “நீங்க ஓட்டுறதைப் பார்த்துட்டு இவளும் கேக்குறா, விடலாமுங்களா?” என்றார். பிரேக்கைப் பிடித்துப் பார்த்தேன், ரிம்மைச் சுண்டிப் பார்த்தேன். இறக்கத்தில் இதில் ஏறக்கூடாது என்று அவளிடமே சொன்னேன். அவர் மறுவாரம் பட்டறையில் சொல்லி முன்சக்கரத்துக்கு அலுமினிய ரிம் போட்டு, நல்ல கட்டைகளும் மாட்டிக் கொடுத்தார். இப்போது அவள் வீட்டிலிருந்து இறக்கத்தில் தள்ளிக்கொண்டு போகிறாள், பள்ளிக்கு முன்னால் வரும் ஏற்றத்தில் தள்ளிக்கொண்டு போகிறாள். இரண்டுக்கும் நடுவே இருக்கும் அரைக் கிலோமீட்டர் சமதளத்தில் மட்டும் ஏறி மிதிக்கிறாள்.